நான் சரிசெய்த முகம்

புது மதர்போர்டு ஒரு பூப்போட்ட கம்பளிக்குள் சுருண்டு வந்தது. சபரிலிருந்து வருபவர் தன் வீட்டுச் சாமானை மட்டும் கொண்டுவருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. நான்கு வீட்டுப் பார்சலாவது அவர் பெட்டியில் இருக்கும். சபர் என்றால் பயணம். கூத்தாநல்லூரில் அதற்கு இப்போது வளைகுடா வேலை என்று ஒரே பொருள்தான். அடுத்த தெருக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது என் கணவர் அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்: ஒரு பால்பவுடர் டின், நான்கு தைல பாட்டில்கள், குழந்தைக்கு ஒரு அளவு பெரிதான கவுன், அந்தக் கம்பளி. அதைப் பிரித்தால் உள்ளே போர்டும் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்.

"ஏர்போர்ட்டுல இது என்னன்னு கேட்டான்மா. எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு வீட்டுலயே கம்ப்யூட்டர் கட்டுதுன்னு சொன்னேன். நம்பல" என்றார் கொண்டுவந்தவர்.

என் கணவர் அங்கே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். நான் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கல்லூரி லேபில் லினக்ஸ்தான். கல்யாணமாகி வந்தபின் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதையே போட்டேன். அவருக்கு அதில் ஒரு பெருமை. அறையில் கூட இருப்பவர்களின் மடிக்கணினி நின்றுபோனால், "இரு, என் வீட்டுல கேக்குறேன்" என்பாராம். இந்தப் பெருமையைப் பற்றி இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் என் சொல்லை நம்பியது இதனால்தான்.

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவர் போனார். இதெல்லாம் நடந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் கம்ப்யூட்டரில்தான் அறிவார்கள். வெள்ளிக்கிழமை, அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் அறைக்குத் திரும்பும் நேரம், இங்கே சாயங்காலம். மாமியார் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மகன் முன்னால் ஏதோ விருந்துக்குப் போவது போல நாற்காலியில் வந்து உட்காருவார். குழந்தை என் மடியில். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டினோம்.

பழைய இயந்திரத்தில் அவர் முகம் விட்டுவிட்டு நகரும். சிரிக்கத் தொடங்கினால் சிரிப்பு முடிந்து வாய் மூடிய பிறகுதான் எங்களுக்குச் சிரிப்பு வந்துசேரும். அதனால்தான் புதுச் சாமான் கேட்டேன். கேட்டது நான்தான்.

பழையது முப்பத்திரண்டு பிட். புதியது அறுபத்து நான்கு. படிக்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு வாய்க்கால்தான் ஞாபகம் வருகிறது. ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பது வாய்க்காலின் அகலம். அகல வாய்க்காலில் பழைய சின்ன மதகையே வைத்தாலும் தண்ணீர் போகும், வயல் பாயும், ஆனால் வெட்டிய அகலம் வீண். பழைய ஹார்ட் டிஸ்க்கை, அதிலிருந்த முப்பத்திரண்டு பிட் லினக்ஸோடு, அப்படியே புதுப் போர்டில் மாட்டினேன். ஓடியது. அந்த வெள்ளிக்கிழமை அவர் முகம் அழகாக, தடங்கலில்லாமல், தன் நிறத்தில் வந்தது. மாமியார், "இப்பத்தான் எம்புள்ள எம்புள்ளயா இருக்கான்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஓடிக்கொண்டிருந்ததை நான் ஏன் தொட்டேன்? படித்ததைச் செய்ய ஒரு வாய்ப்பு என்பது ஒரு காரணம். அவர் அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியதைப் பாதியாகப் பயன்படுத்துவது நன்றிகெட்டதனம் போலத் தோன்றியது இன்னொரு காரணம். எது உண்மையான காரணம் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

முப்பத்திரண்டிலிருந்து அறுபத்து நான்குக்கு ஒரு எட்டில் தாண்ட முடியாது. நம் கோப்புகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து, புதிதாகப் போட வேண்டும். காலையில் மூன்று மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் இருக்காத காலம் அது. இடையில் குழந்தை தூங்கும் நேரம் வேறு அமைய வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். முன்பக்கத்திலிருந்து குழந்தையின் காய்ச்சல், தடுப்பூசி, எத்தனை முறை பால் குடித்தாள் என்பது. பின்பக்கத்திலிருந்து லினக்ஸ்.

முன்பக்கத்தின் முதல் தாளில் இருப்பது மஞ்சள் காமாலைதான். பிறந்த மூன்றாம் நாள் மகளுக்கு லேசாக இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்றார்கள். மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுக்கிறதா, மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்க்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். பத்து நாளில் போய்விடும் என்றது பத்து நாளில் போய்விட்டது. நான் மட்டும் இரண்டு மாதம் காலை வெயிலில் ஜன்னலோரம் அவள் மூக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளைப் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான்.

புதுசாகப் போட்டு முடித்துத் திறந்தால் திரை கறுப்பு. மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கும் லினக்ஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வெள்ளி போனில் மட்டும் பேசினோம். கார்டுக்கான மென்பொருளை மாற்றிப் போட்டதும் திரை வந்தது. அடுத்த வெள்ளி, வீடியோவில் பேசும் நிரல் பழைய முப்பத்திரண்டு பிட்டில் மட்டுமே கிடைத்ததால் எங்கள் கேமரா குழம்பிவிட்டது.

"என்ன புள்ள, வீட்டுல எல்லாரும் வௌவாலாயிட்டீங்களா? தலகீழா தொங்குறீங்க" என்றார் அவர். "உம்மா, கீழ விழுந்துடாத!"

மாமியார் பதறி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவாவது அந்த வாரத்தை நான் வெறுக்காமல் இருக்கிறேன்.

அதைச் சரிசெய்ததும் நீலம் வந்தது. சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன. அவர் முகம் நீலம், குழந்தையின் முகம் நீலம், மூலையில் சின்னதாகத் தெரியும் எங்கள் படத்தில் மாமியாரும் நீலம்.

"இது என்னம்மா, மையத்து மாதிரி! மூடு, மூடு" என்று மாமியார் எழுந்து போய்விட்டார். மையத்து என்றால் பிணம்.

படத்தைக் கார்டே வரையட்டும் என்று இருந்த ஒரு வசதியை அணைத்தேன். நீலம் போயிற்று. கறுப்புத் திரை, தலைகீழ், நீலம். மூன்று வாரத்தில் மூன்றையும் ஒற்றை ஆளாகச் சரிசெய்திருந்தேன். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த அடிக்கோடுகளைப் பார்க்க இப்போது கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் முகம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது.

மாமியார்தான் முதலில் சொன்னார். "என்னம்மா, மூஞ்சி மஞ்ச பூத்தாப்ல இருக்கு?"

"அது மெஷின் கோளாறு மாமி. போன வாரம் நீலமா இருந்துச்சுல்ல, அதோட மிச்சம்."

"அப்படியா? எனக்கென்னமோ எளச்சிருக்கான்னு படுது."

இதையும் சொல்ல வேண்டும். மாமியார் எல்லா வெள்ளிக்கிழமையும் ஏதாவது சொல்வார். கறுத்துவிட்டான், இளைத்துவிட்டான், முடி கொட்டிவிட்டது, சட்டை அழுக்கு. தாயின் கண்ணுக்கு மகன் நன்றாக இருந்த வாரமே இல்லை. அதனால் மஞ்சளையும் அந்த வரிசையில் வைத்துவிட்டேன்.

படத்தின் நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டை உண்டு. நான்கு புள்ளி தள்ளினேன். மஞ்சள் குறைந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் அந்த அளவு தானாகவே அமையும்படி இரண்டு வரியில் ஒரு சின்ன நிரல் எழுதி, அதற்கு 'முகம்' என்று பெயர் வைத்தேன். கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் வைத்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒப்பிட்டுப் பார்த்துத் தள்ளினேன். "எதுக்குப் புள்ள போட்டோ?" என்று கேட்டார். "சும்மா" என்றேன். அவருக்கு வெட்கம் வந்தது. ஆசையில் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்து பன்னிரண்டு.

ஒரு கோளாறு என்றால் அது அதே அளவில் நிற்க வேண்டும். வாரா வாரம் ஏன் கூடுகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதே திரையின் மூலையில் எங்கள் படம் சரியான நிறத்தில் இருந்தது. கார்டுதான் கோளாறு என்றால் நாங்களும் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். நீலம் வந்தபோது எல்லோரும்தானே நீலமானோம்? லேபில் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்: எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார். நான் பட்டையைத் தள்ளத் தள்ள, நன்றாக இருந்த நாங்கள் மூவரும் சாம்பல் பூசியது போல ஆனோம். அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். எங்கள் முகம் எங்களுக்கு எதற்கு, அவர் முகம் சரியாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அதைப் பாசம் என்றுகூட நினைத்தேன்.

பன்னிரண்டு தள்ளிய அந்த வெள்ளிக்கிழமைதான் அவர் கேட்டார். மாமியார் தொழுகப் போயிருந்தார். குழந்தை கேமராவைத் தொட எம்பிக்கொண்டிருந்தாள்.

"என் கண்ணு மஞ்சளா தெரியுதா புள்ள? ரூம்ல ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கான்."

நான் திரையைப் பார்த்தேன். உற்றுத்தான் பார்த்தேன். கண் வெள்ளையாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அதை வெள்ளையாக்கியது நான்தான் என்பது அந்த நொடியில் என் நினைவில் இல்லை. நம்புவீர்களோ தெரியாது, உண்மையிலேயே இல்லை. சரிசெய்து முடித்த ஒன்றை மனம் மறுபடி கோளாறு என்று எண்ணுவதில்லை.

"இல்லையே மச்சான். நல்லாத்தான் இருக்கு. வெள்ள வெளேர்னு இருக்கு."

"அப்படியா? அவன் சும்மா பயமுறுத்துறான் போல. ஆஸ்பத்திரி போனா கம்பெனிக்காரன் அந்த நாள ஊரு லீவுல கழிப்பான். ரெண்டு மாசத்துல ஊருக்கு வர்ற நேரம்." அப்புறம் சிரித்தார். "நீ சொன்னா சரி."

சாப்பாடு பிடிக்கவில்லை, வெயில் அதிகம், அசதியாக இருக்கிறது என்றும் அன்று சொன்னார். மோர் குடிக்கச் சொன்னேன். நோட்டில் அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'மஞ்சள், பன்னிரண்டு குறைத்தேன். கிட்டத்தட்ட சரி.' முன்பக்கத்தில் அதே நாளில் மகளுக்கு மூக்கு ஒழுகியது, இரண்டு தடவை தும்மினாள் என்று இருக்கிறது.

ஆறு நாள் கழித்து, காலை பத்தரைக்கு, அறையிலிருந்த அந்த நண்பர் போன் செய்தார். குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். வேலையிடத்தில் மயங்கி விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. காமாலை முற்றி ஈரலைப் பிடித்துவிட்டது என்கிறார்களாம்.

"நான் மூணு வாரமா சொல்லிக்கிட்டிருக்கேன் தங்கச்சி. கண்ணு எலுமிச்சம்பழம் மாதிரி இருக்குடான்னு. கேக்கல. எம்பொண்டாட்டி பாத்துட்டா, ஒண்ணுமில்லன்னுட்டா, அவ படிச்சவன்னான்" என்றார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

மாமியார் கேட்டதும் கொல்லைக்கு ஓடினார். எங்கள் கொல்லையிலும் அதற்கப்பால் வயல் வரப்பிலும் கீழாநெல்லி தானாகவே முளைத்துக் கிடக்கும். ஒரு பிடி பிடுங்கி வேர் மண்ணோடு எடுத்து வந்து என் முன்னால் நின்றார். "அரைச்சு மோர்ல குடுத்தா கேட்டுடும்மா" என்றார். யாருக்குக் கொடுப்பது என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கையில் அதை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் என்னை ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். நான் மெஷின் கோளாறு என்று சொன்னதை அவர் மறந்திருக்க முடியாது. சொல்லவில்லை.

பத்தொன்பது நாள் போனில் மட்டும் செய்தி. இரண்டு நாள் அதுவும் இல்லை. நான் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. இருபதாம் நாள் நண்பர் தன் மடிக்கணினியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார். "இப்ப தேவலை, முகத்தப் பாருங்க" என்றார்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். படம் வந்தது. தலையணையில் சாய்ந்திருந்த முகம் சாம்பல் நீலமாக இருந்தது. உதடும் நீலம். மாமியார் "யா அல்லா" என்று என் தோளை இறுகப் பிடித்தார். இவர்கள் நம்மிடம் மறைக்கிறார்கள், கடைசி முகத்தைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏன் அழுவுறீங்க? இப்பத்தான் மஞ்சள் எறங்கியிருக்குன்னு டாக்டர் சொல்றார்" என்றார் நண்பர்.

அப்போதுதான் மூலையில் இருந்த எங்கள் படத்தைப் பார்த்தேன். நாங்களும் அதே சாம்பல். என் மகள், பக்கத்தில் தொட்டால் சூடாக இருக்கும் குழந்தை, அங்கே மையத்தின் நிறத்தில் இருந்தாள். பட்டை பன்னிரண்டில் நின்றிருந்தது. 'முகம்' தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

எல்லோர் முன்னாலும் பட்டையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். எங்கள் மூவர் முகத்திலும் இரத்த ஓட்டம் வந்தது. அவர் முகத்திலும் வந்தது. கண்ணில் மட்டும் மங்கலான மஞ்சள் மிச்சமிருந்தது. அதுதான் அவர் உண்மையான நிறம். பட்டையைத் தொடும் முன் பார்த்தது, அதன்பின் அன்றுதான் பார்த்தேன்.

"என்ன பண்ணுன புள்ள? இப்ப நான் தெளிவா தெரியுறேன்னு உம்மா சொல்லுது" என்றார் ஈனக் குரலில்.

"ஒண்ணுமில்ல மச்சான். கலர் சரி பண்ணேன்."

உயிரோடு வந்துவிட்டார். அதற்கு நன்றி சொல்லாத தொழுகை எனக்கில்லை. ஆனால் அந்த ஈரல் பழைய ஈரல் இல்லை. தஞ்சாவூர் டாக்டர் மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். திரும்பப் போக இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் மெடிக்கல் டெஸ்டில் தள்ளிவிட்டார்கள். இப்போது தன் பெரியப்பா மகனின் பெயின்ட் கடையில் உட்காருகிறார். மதியத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை, வந்து படுத்துக்கொள்கிறார். ஒரு மூட்டை தூக்குவதற்கு ஆள் கூப்பிடும்போது அவர் திரும்பி நின்றுகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் எதுவும் சொல்லாமல் மூன்று வருடம் இருந்தேன். போன மாதம் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார்.

"இது என்ன புள்ள, 'முகம்'னு ஒரு ஃபைல்? ரெண்டு வரிதான் இருக்கு. வேணுமா, அழிச்சிடவா?"

அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கலாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை மாமியாரிடம் அனுப்பிவிட்டுச் சொன்னேன். நான்கு, ஏழு, பன்னிரண்டு. போட்டோ. வெள்ளை வெளேர். நோட்டையும் எடுத்துவந்து காட்டினேன்.

அவர் நோட்டை இரண்டு பக்கமும் புரட்டினார்.

"கண்ணாடியில பாத்துட்டுத்தான் உங்கிட்ட கேட்டேன்" என்றார்.

"பின்ன ஏன் கேட்டீங்க?"

"லீவு போயிடுமேன்னு இருந்துச்சு. நீ என்ன சொல்றியோ அப்படிச் செய்யலாம்னுதான்."

"ஆமான்னு சொல்லியிருந்தா?"

"போயிருப்பேன்." இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார். "அட விடு. ரெண்டு பேருமா சேந்து பண்ணதுதான்."

அப்படி அவர் சொன்னதில் எனக்கு ஆறுதல் இருந்திருக்க வேண்டும். பாதிப் பழியை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் 'போயிருப்பேன்' என்ற சொல்தான் என்னோடு நிற்கிறது. தன் கண்ணையே நம்பாமல் என் கண்ணை நம்பியவருக்கு, நான் திருத்தி வைத்த கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

கோப்பை அவர் அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை. காலையில் அவர் கடைக்குக் கிளம்பும் முன் ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறேன். தினமும். சில நாள் சலித்துக்கொள்வார். சில நாள், "பாத்து, பட்டையத் தள்ளிடாத" என்பார். அப்போது மகள் தன் மூக்கையும் கொண்டுவந்து நீட்டுவாள். அதையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.